கிராணி வீட்டு அமைதி

அமைதியின் விலை மாதம் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி, மின்சாரக் கட்டணம் தனி. ஜெராமில் சாப்பாட்டுக்கடை நடத்தும் மீரா முகைதீன், விற்ற பிறகுதான் அந்தச் சரக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தார்.

புக்கிட் ரோத்தான் பக்கம் தோட்டத்து ஓரத்தில் அவருக்கு, தோட்டத்துக் கணக்குப்பிள்ளை முன்பு குடியிருந்த ஒரு பழைய கிராணி வீடு உண்டு. கோலாலம்பூர் கலை அறக்கட்டளை ஒன்று மூன்று மாதத்துக்கு அதை எடுத்தது. கலைஞர் வந்து தங்குவார். சூழல் அமைதியாக இருக்க வேண்டும். அவருக்குப் பிடித்துப்போனால் இரண்டு வருட ஒப்பந்தம். அந்த இரண்டு வருடத்தை நம்பித்தான் முகைதீன் மனைவியின் காப்பை அடகு வைத்துக் கூரை மாற்றியிருந்தார்.

வந்தவள் கண்மணி. தூரிகையும் இல்லை, வர்ணமும் இல்லை. முதல் நாளே பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முனையில் பூனைமயிர் சுற்றிய நீளக் கம்போடு செம்பனை மரத்தடியில் நின்றாள்.

"ஒட்டடை அடிக்குதோ?" என்று முகைதீனிடம் கேட்டார் பக்கத்து வீட்டு ஐயாவு.

"அது கெடக்கட்டும். காதைப் பொத்தியிருக்கு பாருங்க. உங்க ஆட்டுச் சத்தம் தாங்கல. அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கட்ட என்ன கேக்கறீங்க?"

"கத்தறதுக்கே நான் காசு வாங்கல பாய், கத்தாம இருக்கவா வாங்குவேன்?" என்ற ஐயாவு, முந்நூறு வெள்ளி வாங்கிக்கொண்டார். புல்வெட்டும் மிஷினுக்கு நூறு. செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர் ஐம்பதுக்குச் சுற்றுவழி போனார். சேவலிடம் மட்டும் பேரம் படியவில்லை. அதை விலைக்கே வாங்கி, அறுத்துக் குழம்பாக ஆணம் வைத்துக் கண்மணிக்கே கொடுத்தனுப்பினார் முகைதீன்.

மூன்றாவது வாரம் அவள் பையோடு கடைக்கு வந்தாள்.

"நான் கிளம்பறேன் லா, அங்கிள்."

"இன்னும் சத்தமா இருக்கா?"

"சத்தமே இல்ல. தோட்டத்துச் சத்தத்தைப் பதிவு பண்ணத்தான் வந்தேன். முதல் நாள் எல்லாம் இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா நின்னுபோச்சு. மைக் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு தடவை மாத்திட்டேன்."

"அமைதி வேணும்னு எழுதியிருந்தாங்களே?"

"அது எல்லாருக்கும் அனுப்பற ஃபாரம், அங்கிள்."

நாற்பது வருட வியாபாரத்தில் கலப்படம் என்று சரக்கைத் திருப்பியவர்களை அவர் பார்த்திருக்கிறார். சுத்தமாக இருக்கிறது என்று திருப்பியவள் இவள்தான். எதற்கு மன்னிப்புக் கேட்பது என்றுகூட விளங்கவில்லை.

"ஒரே ஒரு நாள் குடும்மா" என்று அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிராணி வீட்டுக்குத் திரும்பினார்.

"மறுபடி கத்த வைக்கணுமா?" என்று தலையைச் சொறிந்தார் ஐயாவு. "அதுக்குத் தனிக் கூலி பாய்."

மாலைக்குள் எல்லாம் வந்துவிட்டன. கண்மணி ஹெட்போனோடு நின்றாள். முகம் மலர்ந்து, பிறகு சுருங்கியது.

"அந்தச் சேவல் எங்க? முதல் நாள் பதிவுல அதுதான் உயிரே."

முகைதீன் தொண்டையைக் கனைத்தார். "போன வாரம் ஆணம் எப்படிம்மா இருந்துச்சு?"

அவள் மெதுவாக ஹெட்போனைக் கழற்றினாள். பிறகு பையை உள்ளே வைத்துவிட்டு வந்து, நோட்டில் எழுதி அவரிடம் நீட்டினாள்:

ஆடு பன்னிரண்டு, வந்தது. மிஷின் ஒன்று, வந்தது. லோரி ஒன்று, வந்தது. சேவல் ஒன்று, பாக்கி. இரண்டு வருட ஒப்பந்தத்துக்கான சிபாரிசு, சேவல் கூவிய பிறகு.