நாற்பதாவது ஆள்

அலுவலகத்தில் அவளுக்கு வேலியம்மா என்று பட்டப்பெயர். கணினியின் அடித்தளமான கெர்னல் புரோகிராமில் யார் எந்த அமைப்பை மாற்றினாலும், இதற்குக் கீழே போகாதே, இதற்கு மேலே போகாதே என்று எல்லை கட்டுவது அவள் வேலை. ஒரே நேரத்தில் எத்தனை புரோகிராம் ஓடலாம் என்பதற்கும் எல்லை எழுதியது அவள்தான். அதை ஒருமுறை குறைத்துவிட்டால், மெஷினை அணைத்துப் போடும்வரை ஏற்ற முடியாது. மேல் எல்லைக்கு மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். கீழ் எல்லைக்குச் சோம்பல்பட்டு ஒன்று என்று போட்டாள். எந்தப் பைத்தியம் அவ்வளவு குறைக்கப் போகிறது?

அந்தப் பைத்தியம் அவளேதான். மதியம் மூன்று மணிக்கு, சோதனை மெஷினில் அடிக்க வேண்டிய நாற்பது என்ற எல்லையைத் திரையின் பக்கத்து ஜன்னலில் அடித்துவிட்டாள். அது அவள் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் அக்காவின் மெஷின். அக்கா பாலம் கட்டும் இன்ஜினியர். பதினோரு நாளாக அதில் ஒரு பாலத்தின் கணக்கு ஓடுகிறது. ஐந்து மணிக்கு முடியும். முடிந்ததும் விடையைச் சேமிக்கப் புதிதாக ஒரு புரோகிராம் எழுந்திருக்க வேண்டும். ஏற்கெனவே ஓடுபவையோ நாற்பத்தாறு; நாற்பதுக்குக் கீழே இறங்கினால்தான் புதியது எழும். அணைத்தால் பதினோரு நாளும் பாழ். நாளை கூட்டத்தில் அக்கா வெறுங்கையோடு நின்றால் வேலையே போய்விடும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

நாலு மணிக்கு அக்கா போன் செய்தாள். "என்னடி, ஓடுதா?"

"ஓடுதுக்கா." சொன்ன வாய் கசந்தது.

பிரிண்டர், மெயில் என்று வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். ஆறு போயின. மிச்சம் நாற்பதில் முப்பத்தொன்பதைத் தொட்டால் கணக்கே கவிழும். இன்னும் ஒரு இடம் வேண்டுமே! அப்போதுதான் உறைத்தது, நாற்பதாவது ஆள் அவளேதான். அவள் தட்டிக்கொண்டிருந்த ஜன்னலும் ஒரு புரோகிராம். மூடிவிட்டுத் திரும்ப உள்ளே வந்தால், அந்த ஒரே இடத்தை மறுபடி அவளே அடைத்துக்கொள்வாள். விடை தப்பியதா என்று எட்டிப் பார்க்கவும் வழியில்லை. உள்ளே இருந்தால் கெடுதல், வெளியே போனால் குருடு.

ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது மூடினாள்.

ஐந்து பத்துக்குப் போன் அடித்தது. "மொத்த விடையும் வந்துடுச்சுடி! நீ பாத்துக்குவேன்னுதான் இத்தனை நாளும் நிம்மதியா தூங்கினேன்."

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள்.

"நாலு மணிக்குக் கேட்டேனே. ஓடுதுன்னு சொன்னியே."

"ஓடத்தான்க்கா செஞ்சுது."

"இனிமே நீ ஓடுதுன்னு சொன்னா, நான் நேர்ல வந்து பாத்துக்கறேன். போனை வை."