டர்பைன் வீட்டுத் தொட்டி

அப்பாவின் வலது கையை மூன்றாவது முறையாக மடித்துப் போர்வைக்குள் வைத்தான் சின்னவன். அது நழுவி நழுவி வெளியே வந்தது. ஆள்காட்டி விரல் நுனியில் அரிசி அளவுக்குப் பொசுங்கியிருந்தது. டாக்டர் நெஞ்சைப் பார்த்தார், வயதைக் கேட்டார், மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். விரலைப் பார்த்தது அவன் மட்டும்தான். அப்போது பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

தெருவில் அப்பாவுக்கு டர்பைன் என்றுதான் பெயர். தண்ணீர் ஓட வேண்டாம், விழ வேண்டாம், சும்மா நின்றாலே போதும், அதில் மிதக்கிற டப்பாக்கள் மேலே வருகிற வேகத்தில் கரண்ட் எடுக்கலாம் என்று இருபத்திரண்டு வருடம் சொன்னவர். கொல்லையில் ஆளுயரத் தொட்டி கட்டி, காற்றடைத்த டப்பாக்களைச் சங்கிலியில் கோத்து, மேலே ஒரு சக்கரத்தில் மாட்டியிருந்தார். காப்புரிமைகூட வாங்கிவிட்டார். சான்றிதழ் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. "புதுசா இருக்குன்னுதான் எழுதியிருக்காங்க மாமா, சுத்தும்னு எழுதலையே" என்று அக்கா வீட்டுக்காரர் ஒருமுறை கேலி செய்யப்போய், மூன்று மாதம் மாமனாருக்கும் மருமகனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சக்கரம் என்னவோ ஒரு சுற்றுக்கு மேல் சுற்றியதே கிடையாது. மேலே வருகிற டப்பா கொடுப்பதையெல்லாம் அடியில் நுழைகிற டப்பா பிடுங்கிக்கொண்டது. இதைச் சொல்ல சின்னவனுக்கு ஒருநாளும் வாய் வரவில்லை.

போன மாதத்திலிருந்து அப்பா கொல்லைப் பக்கமே போகவில்லை. சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். பெற்ற அப்பனை அப்படிப் பார்க்க அவனால் முடியவில்லை. வாஷிங்மெஷின் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு மோட்டாருக்கா பஞ்சம்? நேற்று மதியம் அப்பா தூங்கும்போது, தண்ணீருக்குள் ஓடுகிற சின்ன பம்ப் ஒன்றைத் தொட்டியின் அடியில் இறக்கினான். அது பீய்ச்சுகிற வேகத்தில் டப்பாக்கள் நகரும். வயர்தான் நீளம் பத்தவில்லை. ஒட்டுப் போட்டு, டேப் சுற்றி, ஒட்டைத் தண்ணீருக்குள்ளேயே விட்டான். தொழிலுக்கு வந்த முதல் நாளே செய்யக்கூடாது என்று சொல்லித் தருகிற காரியம். நாளைக்கு நல்ல வயராக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

காலையில் தொட்டிக்குப் பின்னால் இருந்த பிளக்கில் வயரைச் செருகிக் கரண்ட் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தான். சக்கரச் சத்தம் கேட்டு அப்பா கொல்லைக்குப் போனார். "சுத்துதுடா, டேய், சுத்துது" என்று அப்பா கூப்பிட்டது தெரு வரைக்கும் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. வீடு முழுக்க விளக்கு அணைந்தது. ஓடிப் பார்த்தபோது அப்பா தொட்டிப் படியில் சரிந்து கிடந்தார். அவர் மூச்சு நின்றதும் சக்கரமும் நின்றுவிட்டதாம், வந்தவர்களெல்லாம் அதைத்தான் ஆளாளுக்குச் சொன்னார்கள். சந்தோஷத்தில் போன உயிர் என்றார்கள். ஃபியூஸ் போயிருக்கிறது, கரண்ட் இல்லாதவரை ஆபத்தில்லை, கூட்டம் குறைந்ததும் எடுத்துவிடலாம் என்று அவன் தன்னையே ஏமாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வாசலில் குளிர்பெட்டி வந்து இறங்கியது. கரண்ட் இல்லாமல் பெட்டி எதற்கு என்று அத்தான் முணுமுணுத்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினார். புதுக் கம்பியைப் பல்லால் கடித்து வெட்டினார். அம்மா இருந்த இடம் காலியாக இருந்தது.

"அம்மா எங்கக்கா?"

"கொல்லையில இருக்காங்க. கொஞ்ச நேரம் தனியா விடுன்னாங்க."

அவன் எழுந்து நடந்தான். ஓடினால் ஏன் என்று கேட்பார்களே என்று அந்த நேரத்திலும் தோன்றியது. பின்கதவைத் தாண்டினான். அம்மா தொட்டிப் படியில் நின்று, கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டு ஒரு டப்பாவைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"போடவா?" உள்ளேயிருந்து அத்தானின் குரல்.

"போடாதீங்க அத்தான். போடாதீங்க."

தன் குரல் இவ்வளவு பெரிது என்று அவனுக்கே தெரியாது. அம்மாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்தான். தொட்டிக்குப் பின்னால் கிடந்த வயரைப் பிளக்கிலிருந்து பிடுங்கி, கைமாற்றிக் கைமாற்றி இழுத்தான். பம்ப் சொட்டச் சொட்ட மேலே வந்தது.

அம்மா பம்பைப் பார்த்தாள். சக்கரத்தைப் பார்த்தாள்.

"நீயாடா சுத்த வச்சே?"

"ஆமாம்மா."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"தானா சுத்துதுன்னே நெனச்சாரா?"

அவன் தலையாட்டினான். அம்மா பம்பை அவன் கையிலிருந்து வாங்கினாள். வயரை விரலால் நீவிக்கொண்டே வந்தவள் ஒட்டுப் போட்ட இடத்தில் நின்றாள். டேப் பிரிந்து, செம்பு கருகியிருந்தது. இருபத்திரண்டு வருடம் அப்பாவுக்கு டார்ச் பிடித்தவள் அவள். அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டுவிடு அம்மா என்று இருந்தது அவனுக்கு. கேட்டுவிடுவாளோ என்றும் இருந்தது.

அத்தான் பின்வாசலுக்கு வந்துவிட்டார். ஏன் கத்தினாய் என்று அவனைக் கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள், படியில் கிடந்த அப்பாவின் துண்டை எடுத்து அம்மா பம்பையும் வயரையும் சுற்றினாள்.

"பழைய வயர் ஒண்ணு உள்ள கெடந்துச்சு மாப்பிள்ளை. எடுத்தாச்சு. இப்ப போடுங்க."

உள்ளே விளக்கு எரிந்தது. குளிர்பெட்டி உறுமத் தொடங்கியது. அம்மா துண்டு மூட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் கடந்து போனாள். கொல்லையிலிருந்து அப்பா கிடந்த அறை வரைக்கும் தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது.