இறக்கத்துக்குப் பயப்படாதவன்

ஷூ விஷயத்தில் எவேலியோ பார்கேரோ சொன்னால் அந்தப் பள்ளத்தாக்கில் மறுபேச்சு கிடையாது. விடியற்காலையில் பால் கூட்டுறவுச் சங்கத்தின் லாரி ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையோட்டம் சொல்லிக்கொடுப்பார். முதல் வேலைக்குச் சம்பளம் உண்டு, இரண்டாவதற்கு மரியாதை மட்டும்தான். அவர் பெரிதாக நினைத்தது இரண்டாவதை. அவரிடம் சேர வருகிறவன் முதலில் காலை நனைத்துக்கொண்டு அவர் வீட்டுச் சிவப்புத் தரையில் ஒரு சுவடு வைக்க வேண்டும். எவேலியோ கைரேகை பார்க்கிறவர் மாதிரி குனிந்து அதை உற்றுப் பார்ப்பார். "உள்பக்கம் சாயற கால். மெத்து மெத்துன்னு இருக்கறது உனக்கு ஆகாது. அடியில பல்லு ஆழமா இருக்கறதா பார்த்து வாங்கு," என்பார். வந்தவன் அப்படியே வாங்குவான். சுவடு காய்வதற்குள் சுலாய் துணியோடு வந்து தரையைத் தேய்த்துவிடுவாள்.

சுலாய் அவர் மனைவி. அவளுடைய சுவட்டை மட்டும் அவர் பார்த்ததில்லை. தேவைப்படவில்லை. கல்யாணத்துக்கு வெள்ளைச் செருப்பு வாங்கப் போனபோதே அவள் அளவு முப்பத்தாறு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மற்ற ஆண்களுக்குப் பெண்டாட்டியின் பிறந்தநாளே நினைவில் நிற்பதில்லை. எவேலியோவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் முப்பத்தாறு என்பார். ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன்னால் சான் இசித்ரோவில் ஷூக் கடைக்குப் போய், "என் கிழவிக்கு முப்பத்தாறு!" என்று கடையில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி ஒரு ஜோடி வாங்கிவருவார். அதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

நல்ல ஓட்டக்காரிக்கு வேண்டியதெல்லாம் சுலாயிடம் இருக்கிறது, தைரியத்தைத் தவிர என்பது அவர் கட்சி. ஏற்றத்தில் ஆடு மாதிரி ஏறுவாள். இறக்கம் வந்தால் போச்சு. குதிகாலை ஊன்றி, கையை விரித்து, ஒவ்வொரு அடியாக இறங்குவாள். ஏறும்போது அவள் முந்தியவர்களெல்லாம் இறங்கும்போது அவளைத் தாண்டிப் போவார்கள். எவேலியோ கீழே நின்று, "பிரேக்க விடு கிழவி! பிரேக்க விடு!" என்று தொண்டை கிழியக் கத்துவார். பல வருஷமாக அதே இறக்கம், அதே கத்தல்.

"விரல் வலிக்குது," என்று அவள் ஒருமுறை சொன்னாள்.

"வலிக்கத்தான் செய்யும். ஷூ காலுக்குப் பழக வேணாமா?"

"நகம் கறுத்துப்போச்சு."

"நகம் பாடம் படிக்குது," என்றார் எவேலியோ.

கொஞ்ச நாளில் அந்த நகம் படிப்பை முடித்துக்கொண்டு விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் நகத்தைப் பற்றிப் பேசவில்லை. இவளுக்குப் பிறவியிலேயே பயந்த சுபாவம் என்று எவேலியோ முடிவுகட்டிவிட்டார்.

அந்த வருஷம் அக்டோபரில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஈர ஷூவை எங்கே காயவைப்பது என்று அந்த ஊரில் யாரும் யோசிப்பதில்லை. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால்தான். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நாக்கை வெளியே இழுத்துவிட்டு, சூடான கம்பிகளுக்குப் பக்கத்தில் சாத்திவைத்தால் காலைக்குள் காய்ந்துவிடும். அந்த வாரம் எவேலியோ வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் அவருடைய கூட்டத்தில் பாதிப் பேரின் ஷூ அடைந்துகிடந்தது. வாத்தியார் வீட்டு ஃப்ரிட்ஜில்தான் நன்றாகக் காய்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். தன்னுடையதை வைக்க இடமில்லாமல் எவேலியோ பின்பக்கக் கொட்டகைக்குப் போனார். சுலாய் ரொட்டி சுட்டு விற்கிற கொட்டகை அது. அங்கே வெண்ணெய் வைக்க ஒரு பழைய ஃப்ரிட்ஜ் உண்டு. அதன் பின்னால் கையை விட்டார். அங்கே ஏற்கெனவே ஒரு ஜோடி இருந்தது.

கறுப்பு ஷூ. ஈரமாக இருந்தது. உள்ளே திணித்திருந்த செய்தித்தாளின் மடிப்பு சுலாயின் மடிப்பு. நாக்கைத் தூக்கி அளவைப் பார்த்தார். முப்பத்தெட்டரை.

அவருடையது நாற்பத்தொன்று. மகன் கிரெய்வின் சான் ஹோசேயில் வேலை பார்க்கிறான், அவன் கால் அதைவிடப் பெரியது. முப்பத்தெட்டரைக் கால் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. அப்படியானால் வேறு எவனோ இங்கே வந்துபோகிறான்.

வேறொருவனாக இருந்தால் ஷூவைச் சுவரில் விட்டெறிந்திருப்பான். எவேலியோ பயிற்சியாளர், ஆகவே திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். முன்பாதத்தில் பற்கள் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. குதிகால் கடையிலிருந்து வந்தபடியே இருந்தது. பிரேக் போட்டு இறங்குகிறவனுடைய ஷூ இப்படி இருக்காது. ஆள் சின்ன உருவம், ஆனால் இறக்கத்துக்குப் பயப்படாதவன். இப்படியொரு காலுக்காகத்தான் அவர் இத்தனை காலமாகக் காத்திருந்தார், அது இப்போது தன் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் வந்து காய்கிறது. ஷூவை இருந்தபடியே திரும்ப வைத்தார். வைப்பதற்கு முன் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார். முனையில் ஈரம் தங்கியிருந்தது.

அதன்பின் எல்லாமே கண்ணில் பட ஆரம்பித்தது. சுலாய் பாத்திரம் கழுவும்போது பாடினாள். இரண்டாம் முறை சோறும் பீன்ஸும் போட்டுக்கொண்டாள். கன்னத்தில் ஒரு நிறம் வந்திருந்தது.

"என்ன கிழவா, சாப்பாடு உள்ள இறங்கலையா?"

"இப்பல்லாம் நான் லாரிய எடுத்ததுமே எழுந்துக்கற போல."

"பின்ன, ரொட்டிய யாரு சுடுவா? நீயா?"

அவர் மேலே கேட்கவில்லை. கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள், பொய் சொல்லத் தெரியாதவள். அதுதான் அவருக்குப் பயம். அவள் இல்லாத அந்தச் சமையலறையை ஒரு தரம் நினைத்துப் பார்த்தார், தட்டைத் தள்ளிவைத்தார். அவளை அவருக்கு அவ்வளவு பிடிக்கும். இத்தனை வருஷத்தில் அதை அவளிடம் சொன்ன ஒரே விதம் கடைக்காரரிடம் முப்பத்தாறு என்று சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்களை மட்டும் வரிசையாக நிறுத்தி அடிப்பக்கச் சோதனை என்றார். ஒவ்வொருவனும் வேலியைப் பிடித்துக்கொண்டு காலைப் பின்னால் தூக்க வேண்டும். கூட்டத்திலேயே நெட்டையனான சேமா எலிசோந்தோவின் முறை வந்தது.

"லாடம் அடிக்கப் போறீங்களா வாத்தியாரே? அடிக்கறதா இருந்தா நல்லதா பார்த்து அடிங்க, போட்டிக்கு ஆகும்."

"பேசாம தூக்கு."

யாருடையதும் பொருந்தவில்லை. கொஞ்சம் தள்ளி சுலாய் முப்பத்தாறை மாட்டிக்கொண்டு கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் இறக்கத்தில் குதிகாலை ஊன்றித்தான் வந்தாள். எவேலியோ கத்தாமல் மற்றவர்களின் குதிகால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்துப் பால் எடுத்துத் திரும்பியவர் லாரியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். சேற்றில் அதே பற்களின் தடம். கொட்டகை வாசலில் கிளம்பி, மலைப்பாதையில் ஏறி, திரும்பக் கொட்டகைக்கே வந்திருந்தது. தான் இல்லாத நேரம் பார்த்து வந்துபோகிறான். சுலாயின் ஷூத் தடம் பாதையில் எங்குமே இல்லை, அவளை ஓடக் கூட்டிக்கொண்டு போகவில்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். இறக்கத்தில் அந்தத் தடங்களுக்கு நடுவே இடைவெளி நீளமாக இருந்தது. ஒரு இடத்தில்கூடச் சறுக்கவில்லை, வேரை மிதிக்கவில்லை. மனைவியைக் கொண்டுபோகப் போகிறவன்தான், ஆனாலும் எவேலியோவால் அந்தக் காலை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

தாங்க முடியாமல் சேமாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நம்ம பக்கத்துல முப்பத்தெட்டரைக் கால்காரன் யாருடா?"

"பாதிரியாருக்குச் சின்னக் கால் வாத்தியாரே. ஆனா அவரு பஸ்ஸுக்குக்கூட ஓட மாட்டாரு."

"இறக்கத்துல துளிகூடப் பயமில்லாதவன்."

"அப்படி ஒருத்தன் இருந்தா நம்ம டீம்ல ஏன் இல்ல?"

"அதத்தான் நானும் கேக்கறேன்," என்றார் எவேலியோ, உண்மையான வருத்தத்தோடு.

பள்ளத்தாக்கின் மலையோட்டப் போட்டி டிசம்பர் தொடக்கத்தில். எவேலியோவை நீண்ட இறக்கத்தின் அடியில், ஓடுகிறவர்களுக்குப் பழமும் தண்ணீரும் கொடுக்கிற நிறுத்தத்துக்குப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். சுலாய் எழுந்திருக்கும் முன்பே வாழைப்பழப் பெட்டியும் வெல்லத்தண்ணீர்க் கேனும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்படிப்பட்ட கால் உள்ளவன் போட்டிக்கு வராமல் இருக்க மாட்டான். அவனிடம் பேச வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். முதலில் திட்டுவதாக இருந்தது. நடக்க நடக்கத் திட்டு தேய்ந்து, கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது: 'அவ இறக்கத்துல மெதுவாத்தான் வருவா. நீ கத்தாத. நான் கத்திப் பார்த்துட்டேன். கீழ நின்னு காத்திரு, வந்துடுவா.'

வெயில் ஏறியதும் ஓட்டக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். எவேலியோ யார் முகத்தையும் பார்க்கவில்லை. கால்களுக்குத்தான் பழம் நீட்டினார். பச்சை ஷூ, சிவப்பு ஷூ, சேமாவின் படகு மாதிரி ஒரு ஜோடி. சேமா, "நான் இங்க மேல இருக்கேன் வாத்தியாரே," என்று சொல்லிவிட்டுப் போனான்.

பிறகு மேலே வளைவில் அந்தக் கறுப்பு ஷூ தெரிந்தது. முன்பாதம்தான் மண்ணில் பட்டது, குதிகால் படவே இல்லை. பாறையிலிருந்து வேருக்கு, வேரிலிருந்து சேற்றுக்கு, கொட்டிவிட்ட தானியம் மாதிரி தடையில்லாமல் இறங்கி வந்தது. எவேலியோவுக்கு ஒரு நிமிஷம் தான் எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிட்டது. பிறகு நினைவு வந்து பாதையின் நடுவில் போய் நின்றார்.

"கொஞ்சம் நில்லுப்பா," என்றார் ஷூவிடம்.

"வழிய விடு கிழவா! இடிச்சிடப் போறேன்!"

நிமிர்ந்து பார்த்தார். காது வரை சேறு, சுலாய்.

அவள் நின்று, ஒரு கோப்பை வெல்லத்தண்ணீரை எடுத்துக் குடித்தாள். எவேலியோ அவள் காலைக் காட்டினார்.

"இது யார் ஷூ?"

"யார் கால்ல இருக்கு?"

"முப்பத்தெட்டரைன்னு போட்டிருக்கு."

"பார்த்துட்டியா? கிரெய்வின் வயித்துல இருந்தப்ப வீங்கின கால், அப்புறம் சுருங்கவே இல்ல. ஆகஸ்டுல அவன்தான் கடைக்குக் கூட்டிட்டுப் போனான். நாளெல்லாம் நடந்துட்டு சாயங்காலமா வாங்கன்னு சொல்லி, அப்புறம்தான் அளந்தாங்க. இறங்கறப்ப விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அளவு இடம் வேணுமாம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஒரு தடவ உன்கூட சான் இசித்ரோ கடைக்கு வந்தேனே. முப்பத்தாறுன்னு சொன்னப்ப உன் மூஞ்சிய நீ பார்க்கல, நான் பார்த்தேன். எப்படிச் சொல்றது? ஞாயித்துக்கிழமை உனக்காக முப்பத்தாறு, மத்த நாள் எனக்காக இது."

"அப்ப இத்தன வருஷமா நீ பிரேக் போட்டது..."

"பயம் இல்ல கிழவா. வலி."

எவேலியோ கையில் உரித்த வாழைப்பழம் அப்படியே இருந்தது. அவள் அதை வாங்கிக் கடித்துக்கொண்டாள்.

"நடு வழியில என்னவோ பிரசங்கம் பண்றவன் மாதிரி நின்னியே, என்ன சொல்ல வந்த?"

"உனக்கு இல்ல. வேற ஒருத்தனுக்கு."

"அவன் வந்தா சொல்லு," என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள். அடுத்த இறக்கம் அங்கிருந்தே தொடங்கியது. எவேலியோ பழக்க தோஷத்தில் கத்துவதற்கு வாயைத் திறந்தார். கத்த ஒன்றும் இல்லை. பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார். மனைவி தன்னுடையவள்தான் என்ற சந்தோஷமும், அவளுடைய விழுந்துபோன நகத்தின் நினைப்பும் ஒன்றாக வந்ததில் மூக்கு ஒழுகி, பின்னால் வந்த இரண்டு பேர் தாங்களே பழம் எடுத்துக்கொள்ளும்படி ஆயிற்று.

சுலாய் சேமாவை முந்திக்கொண்டு முடித்தாள். பின்னாலிருந்து ஏதோ கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு வருகிறதென்று ஒதுங்கி வழிவிட்டதாகச் சேமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் எவேலியோ ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்.

"கால நனைச்சுத் தரையில வை."

"இப்பதான் தேய்ச்சேன்."

"நான் தேய்ச்சுக்கறேன், வை."

வைத்தாள். எவேலியோ முழங்காலிட்டுக் குனிந்து அந்தச் சுவட்டைப் பார்த்தார். ஓரங்கள் காயத் தொடங்கும் வரை பார்த்தார்.

"என்ன தெரியுது வாத்தியாரே?" என்றாள் சுலாய்.

"ஒண்ணும் தெரியல," என்றார் எவேலியோ. "எங்க வலிக்குதுன்னு நீயே சொல்லு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தாள்.