ஜபாருக்கு விட்ட இடம்

வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி மீராசாஹிபு வருடக்கணக்காகத் தன் தேக்கு அலுமாரியின் மேல் குடியிருந்தார், ஏனென்றால் அவர் வீட்டுக்குள் மட்டும் கடல் நின்றது. பக்கத்து வளவில் மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். கற்பிட்டியில் யாரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்த நாட்களில் தேங்காய் விலைதான் பெரிய கதை. அந்த மனுஷனுக்கு நல்லா வேணும் என்று சொன்னவர்களும் உண்டு, நானும் அவர்களில் ஒருவன்.

தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் மன்னாரிலிருந்து முஸ்லிம்களைப் போகச் சொன்னபோது, சனம் கிடைத்த வள்ளத்தில் ஏறித் தெற்கே கற்பிட்டிக்கு வந்தது. தையற்காரி ஜெய்னம்புவும் அவள் புருஷன் ஜபாரும் ஏறியது மீராசாஹிபின் வள்ளத்தில். அதற்குள் எப்படியோ அவருடைய கலியாணத்துக்கு வந்த அந்தத் தேக்கு அலுமாரியும் ஏறியிருந்தது. நடுவழியில் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது. சம்மாட்டி ஆட்களைப் பார்த்தார், அலுமாரியைப் பார்த்தார். "ஜபார், பாரம் கூடிப்போச்சு. இந்தத் திட்டில இறங்கி நில்லு, அடுத்த தடவை வந்து ஏத்துறன்" என்றார். ஜபார் சொல்வழி கேட்கிற ஆள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணல்திட்டில் இறங்கினான். பிறகு ஜெய்னம்பு போய்க் கேட்ட நாளெல்லாம் காற்றுச் சரியில்லை, எண்ணெய் இல்லை, நேவி விடமாட்டான். கடைசியில் ஒருநாள், "மௌத்தானவனுக்காக உசிரோட இருக்கிறவன் கடலுக்குப் போறதா?" என்று கதவைச் சாத்தினார். சாத்துமுன் உள்ளே அலுமாரி மினுங்குவதை அவள் கண்டாள். அன்றோடு அழுகையை விட்டுவிட்டாள். சம்மாட்டியைப் பழிவாங்காமல் கண்ணை மூடுவதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அகதி முகாமுக்கு வந்த நிவாரணச் சாமானைச் சுற்றியிருந்த தாளில் ஒரு பாய்வள்ளத்தின் வரைபடம் இருந்தது. எழுத்து எந்தத் தேசத்ததோ தெரியாது. ஜெய்னம்புவுக்கு அது சட்டை வெட்டுகிற படமாகத் தெரிந்தது. வள்ளம் கட்டி அறியாதவள், பலகையில் சோக்கட்டியால் கோடு போட்டு அறுத்து, துளையிட்டு, தும்புக்கயிற்றால் தைத்தாள். பழக்கதோஷம், துணிக்கு விடுவதுபோல ஒவ்வொரு பலகையிலும் தையலுக்கென்று இரண்டு விரல் கூட்டி விட்டாள். கரையோரத் தச்சன் அன்ரனிப்பிள்ளை பார்க்க வந்து வயிறு குலுங்கச் சிரித்தான். "தங்கச்சி, பலகைக்கு ஆராவது தையலுக்கு விடுவாங்களா? படத்தில இருக்கிறதை விட ஒரு ஆள் இருக்கிற அளவு கூடிப்போச்சே!"

ஜெய்னம்பு அந்த மிச்ச இடத்தை நெடுநேரம் பார்த்தாள். "கூடினது கூடினபடியே இருக்கட்டும்" என்றாள். அதன்பிறகு அங்கே ஒரு சுத்தியலைக்கூட வைக்க விடவில்லை.

முகாமிலிருந்து கடல் வெகுதூரம். வள்ளத்தை எதில் விடப்போகிறாய் என்று சனம் பகிடி பண்ணியது. மாச்சாக்கில் தைத்த பாயை ஏற்றிய காலையில், அந்த வள்ளத்தின் அகலத்துக்கு மட்டும் கடல் தெருவழியே வந்து, வேறு யார் வளவையும் நனைக்காமல், மீராசாஹிபின் வாசலால் உள்ளே போய் நின்றது. அவர் மனைவி றம்லாவுக்கு அது முழங்காலளவு. சோற்றுக்கோப்பையோடு நடந்துபோய் வந்தாள். சம்மாட்டி கால் வைத்தால் அடி தட்டுப்படாது. மகன்மார் கொண்டுவந்த வள்ளங்கள் அந்தத் தண்ணீரில் தரை தட்டி நின்றன.

மிதந்தது ஜெய்னம்புவின் வள்ளம் ஒன்றுதான். ஒவ்வொரு நாள் காலையும் அவர் ஜன்னலடியில் கொண்டுவந்து நிறுத்துவாள். ஏற்றச் சொல்லிக் கும்பிடாத குறையாகக் கேட்பார். "பாரம் கூடிப்போச்சு, காக்கா. அடுத்த தடவை வந்து ஏத்துறன்" என்று அண்ணன்முறை சொல்லி, வெறும் வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். போகிற வழியில் நேவிக்காரன் மறித்து அடையாள அட்டை பார்ப்பான். சரியாக இருக்கும், விடுவான். யுத்தநிறுத்தம் வந்தது, முறிந்தது. மகன்மார் கலியாணம் முடித்துப் பிரிந்து போனார்கள். சம்மாட்டியின் தாடி வெளுத்தது.

கடைசியில் றம்லா முகாமுக்கு வந்து அவள் காலடியில் இருந்து அழுதாள். மறுநாள் ஜெய்னம்பு, "அலுமாரியோட ஏறுங்க" என்றாள். அவர் அந்த மிச்ச இடத்தில் குந்தப் போனார். "அதில வேணாம். அது ஜபாருட இடம்." முன்முனையில், அணியத்தில் ஒடுங்கி இருந்தார். தெருவைத் தாண்டி, களப்புத் தண்ணீரைத் தாண்டி, அந்த மணல்திட்டுக்கு வந்தபோது தண்ணீர் உள்ளே ஏறியது.

"பாரம் கூடிப்போச்சு" என்றாள். "ஒண்டை இறக்கோணும்."

"அலுமாரியத் தள்ளு, புள்ள! அது என்ன மயித்துக்கு, தள்ளிவிடு!"

"அண்டைக்கும் இதைச் சொல்லியிருக்கலாமே, காக்கா."

அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அன்று பின்னேரமே தெருவில் புழுதி பறந்தது. ஜெய்னம்பு சட்டையைப் பிரிப்பதுபோல வள்ளத்தைத் தையல் தையலாகப் பிரித்துப் பலகைகளை வேலிக்கு அடித்தாள். கொண்டுவந்த அலுமாரிக்குள், ஜபாருக்கென்று வெட்டிக் கை தைக்காமல் பாதியில் விட்டிருந்த சேட்டு ஒன்றை மாட்டினாள். சம்மாட்டி இன்னும் அந்தத் திட்டில்தான் இருக்கிறார். கடலுக்குப் போகிறவர்கள் பாணும் தண்ணீரும் கொடுப்பார்கள், சுகம் விசாரிப்பார்கள். ஏறட்டுமா என்று கேட்பார். பாரம் கூடிப்போச்சு, அடுத்த தடவை பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வலை வீசப் போவார்கள்.