ஆடும் வெளிச்சம்

செடெனாக் டேட்டா சென்டரிலிருந்து லோஷினி காலையிலேயே கூப்பிட்டுவிட்டாள்.

"அண்ணே, பெக்கோக் லைன் மறுபடியும் குழம்புது. எதுவோ நம்ம கேபிள ஆட்டுது. ஒரே சீரா, ஆட்டி ஆட்டி விடுது."

காளிதாஸுக்கு எரிச்சலாக வந்தது. கேபிள் பழுதுபார்க்கிறவனிடம் 'ஏதோ ஆட்டுகிறது' என்றால் அவன் எங்கே போய்த் தேடுவான்? ஆனாலும் விஷயம் அவனுக்குத் தெரியும். தலைமுடி கனத்துக்கு ஒரு கண்ணாடி இழை. அதற்குள் இரண்டு வெளிச்சங்கள் சேர்ந்து போகின்றன. ஒன்று நிமிர்ந்து அதிரும், இன்னொன்று படுத்து அதிரும். ஆளுக்கொரு சேதி. இழை நெரிபட்டாலோ குலுங்கினாலோ இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, சேதி கலந்துபோகும். செடெனாக்கில் இருக்கும் இயந்திரம்தான் மறுபடி பிரித்தெடுக்க வேண்டும். நெரிசலும் குலுக்கலும் சேர்ந்து வந்தால் அதுவும் எவ்வளவு நேரம்தான் மல்லுக்கட்டும்?

கருவியை மாட்டிப் பார்த்ததில் இடம் அகப்பட்டது. பெக்கோக்கில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தகரக்கூரை வீடு. வெள்ளத்தில் தொலைபேசிக் கம்பம் சாய்ந்தபோது, அவசரத்துக்கு என்று கேபிளை அந்த வீட்டின் இரும்புச் சட்டத்தில் இறுக்கிக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்திலேயே புதுக் கம்பம் நட்டு மாதக்கணக்காகிறது. மாற்றிக் கட்டத்தான் ஒருவருக்கும் கை வரவில்லை. நம் ஊரில் தற்காலிகம் என்று கட்டியது எதுதான் அவிழ்ந்திருக்கிறது!

வீட்டுக்குள்ளிருந்து கிரீச், கிரீச் என்று சத்தம் வந்தது. ஸ்பிரிங் தொட்டில். ஒவ்வொரு கிரீச்சுக்கும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த சட்டம் அதிர்ந்தது; உள்ளே தொட்டிலும் அதே சட்டத்தில்தான் தொங்குகிறது. காளிதாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசலைவிட்டுத் தள்ளிப் போய் லோஷினியைக் கூப்பிட்டான்.

"கண்டுபிடிச்சிட்டேன்மா. இங்க ஒரு சின்ன முதலாளி தூங்குறாரு. அவரு ஆடுனா ஒன் கம்ப்யூட்டரும் ஆடுது."

"அலமாக், ஐயோ, கொழந்தையா! எழுப்பிடாதீங்க, பாவம். தொட்டில வேற எடத்துல மாட்டச் சொல்லுங்க, அது போதும். கேபிள மாத்துற லாரி அடுத்த வாரம்தான் வரும்."

இப்போது கதவைத் தட்டினால் பிள்ளை விழித்துக்கொள்ளும். பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதும் முறையில்லை. காளிதாஸ் டவுனுக்குப் போய் ஒரு கிலுகிலுப்பை வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்கு மேல் திரும்பினான். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசுதான் அன்றைக்கு அவன் காலை வாரிவிட்டது.

கதவைத் திறந்தவள் சின்னப் பெண். தலை சீவி எத்தனையோ நாள் ஆகியிருக்கும். தொட்டில் கயிறு அவள் கையிலேயே இருந்தது.

"கேபிள் வேலையா வந்தேன்மா. இது பிள்ளைக்கு," என்று கிலுகிலுப்பையை நீட்டினான்.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாங்கிக்கொண்டாள். அவள் தோளுக்குப் பின்னால் தொட்டில் தெரிந்தது. துணி தட்டையாகக் கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

"போன மாசம் காய்ச்சல்ல போயிட்டா, அண்ணே."

காளிதாஸின் கண் கிலுகிலுப்பைக்குப் போனது. கொடுத்ததைத் திருப்பி வாங்கவும் முடியாது.

"வெறும் தொட்டில ஆட்டுனா பிள்ளைக்கு வயிறு வலிக்கும்னு சொல்வாங்கல்ல?" என்றாள் அவள், கயிற்றை இழுத்தபடி. "வலிச்சா அழுவாதானே? ஒரு தடவ அழுதாலும் போதும், அண்ணே."

சட்டென்று அவள் முகம் மாறியது. "என் வீட்டுக்காரரு அனுப்புனாரா? தொட்டில கழட்ட வந்தீங்களா?"

தொட்டிலைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டச் சொல்லத்தான் அவன் வந்திருந்தான். காலையிலிருந்து அதைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லம்மா," என்றான். "கேபிளக் கழட்ட வந்தேன். நீங்க ஆட்டுங்க."

லாரியும் இல்லை, கூட ஆளும் இல்லை. வேனிலிருந்து ஏணியை இறக்கிச் சட்டத்தில் சாய்த்தான். கேபிளை இறுக்கியிருந்த கட்டை அறுத்தான். இழை மடங்காமல் கேபிளைப் பார்த்துப் பார்த்துத் தளர்த்தி, புதுக் கம்பத்துக்கு இழுத்துக் கட்டினான். வெயில் முதுகைப் பொசுக்கியது. பழைய கட்டின் துண்டுகளை எடுக்க மறுபடி வீட்டுப் பக்கம் ஏறியபோது போன் அடித்தது.

"அண்ணே, லைன் சுத்தமாயிருச்சு! ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒரசாம தனித்தனியா, அழகா போகுது. ஒரு ஆட்டம் இல்ல."

உள்ளே தொட்டில் ஆடிக்கொண்டுதான் இருந்தது. கிரீச் சத்தத்தோடு இப்போது இன்னொரு சத்தமும் கேட்டது. கிலுகிலுப்பையை அவள் தொட்டிலுக்குள் போட்டிருந்தாள்.

"என்னண்ணே, கிலுகிலுப்ப சத்தம்? பிள்ள முழிச்சிக்கிச்சா?"

காளிதாஸ் ஏணியை இறுகப் பற்றிக்கொண்டான்.

"ஆமாம்மா," என்றான். "வெளையாடுது."