இரண்டு கோட்டு ரெட் ஆக்ஸைடு

தென்காசி தனி மாவட்டமான வருடம், ஆனி மாதத்து முதல் சாரலில், இலஞ்சியில் சிவசைலத்தின் மனைவி லோகநாயகிக்குத் துருப் பிடித்தது. முதலில் இடது முழங்கையில் ஒரு பொட்டு அளவுக்குத்தான் தெரிந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஏதோ கறை என்று நினைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தாள். நார்தான் செம்மண் நிறமானது. பிறகு வலது முட்டி, பிறகு கழுத்துக்குக் கீழே இருக்கிற எலும்பு என்று ஒவ்வொரு மூட்டாக அது இடம் பிடித்தது. அந்த வருடம் சாரல் பிந்தி வந்தாலும் நன்றாகவே அடித்தது, ஐந்தருவியில் ஐந்து கிளையும் விழுந்தன, ரம்புட்டான் சீந்துவாரில்லாமல் கிடந்தது, லோகநாயகிக்குத் துருப் பிடித்தது. இலஞ்சியில் இதையெல்லாம் ஒரே மூச்சில்தான் பேசிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, இரும்புச் சத்து கொஞ்சம் கூடுதல் என்று சொல்லி, ஒரு களிம்பு எழுதிக் கொடுத்து, நனையாமல் இருந்துகொள்ளச் சொன்னார்கள். குற்றாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருப்பவளிடம் ஆனி ஆடியில் நனையாமல் இரு என்று சொல்ல வெளியூர் டாக்டரால்தான் முடியும்.

சிவசைலம் தென்காசியில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். காரைக் காசு கொடுத்து வாங்குகிறவன் கையாலாகாதவன் என்பது அவர் கட்சி. பழைய மாருதி ஒன்றின் இன்ஜினை வாங்கி வீட்டின் பின்பக்கம் தென்னை மூட்டில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். அதைத் தாங்குகிற அடிச்சட்டத்தை அந்த வைகாசியில்தான் அடித்து முடித்தார்கள். வெல்டிங் வேலை மாரிச்செல்வத்துடையது. கேட்டும் கிரில்லும் அடிக்கிற பட்டறைக்காரன், சிவசைலத்தை அண்ணாச்சி அண்ணாச்சி என்று சுற்றி வருகிறவன். சதுரக் குழாய்களை ஒட்டவைத்து, ஏணியைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு சட்டம். வெறும் இரும்பு. சாரல் வருவதற்குள் மேலே எதையாவது பூசிவிட வேண்டும் என்று மாரிச்செல்வம் சொன்னதற்கு, “அவசரத்துக்கு அடிச்சு விட இது என்ன கோழிக்கூடாலே?” என்று கேட்டார். பூச்சுதான் முக்கியம், அதை யோசித்துத்தான் செய்ய வேண்டும் என்றார். யோசித்து முடிப்பதற்குள் மலையில் மேகம் இறங்கிவிட்டது. ஈரம் பட்ட இரும்பில் பூசினால் ஈரத்தையும் சேர்த்து உள்ளே வைத்து மூடுவதாகும், ஆகவே சாரல் முடியட்டும் என்று தள்ளிப் போட்டார். கடைக்குக் கிளம்பும்போது மனைவியிடம், “தூத்தல் விழுந்தா நான் ஓடியாந்து மூட முடியாது. நீதான்ட்டி பாத்துக்கிடணும்” என்றார்.

“நான் பாத்துக்கிடுதேன், நீங்க போங்க” என்றாள் லோகநாயகி.

அடுப்பில் பால் இருக்கும்போதும், மாமியார் படுக்கையில் கிடந்தபோதும் அவள் சொன்ன அதே வார்த்தைதான். ஆனால் இரும்பு அந்த வார்த்தையை நம்பிவிட்டது. அவளும் ஏமாற்றவில்லை. தார்ப்பாயை இழுத்து மூடுவாள், வெயில் எட்டிப் பார்த்தால் விலக்குவாள், தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெயைப் பழைய சேலைத் துணியில் தொட்டு, ஒவ்வொரு மூலையாகத் துடைத்து விடுவாள். அவளுக்குப் பிள்ளை இல்லை என்பதால் அப்படிச் செய்கிறாள் என்று தெருவில் சிலர் சொன்னார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

ஆடி பிறந்த பிறகு மாரிச்செல்வம் வந்து சட்டத்தைப் பார்த்தான். வெல்டிங் வைத்த இடங்கள்கூட அன்றைக்கு அடித்த மாதிரி வெள்ளி போல மின்னின. அவன் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து முன்பக்கத்து இடது மூலையில் ஊற்றினான். அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த லோகநாயகி, இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். சிவசைலமும் மாரிச்செல்வமும் பார்க்கப் பார்க்க அவள் முழங்கையில் சிவப்புப் படர்ந்தது.

“எச்சி துப்பினாலே துரு ஏறுத இரும்பு அண்ணாச்சி இது,” என்றான் மாரிச்செல்வம். “இதுக்கு ஏற வேண்டியதுதான் மதினிக்கு ஏறுது. இத மூடினா அங்கன நின்னுரும். எதையாவது ஒண்ண அடிச்சு விட்டுருங்க.”

சிவசைலம் மனைவியின் முழங்கையை வெகுநேரம் பார்த்தார். “அப்ப நல்ல பூச்சாப் பாத்துல்லா அடிக்கணும்” என்றார். அதைக் கேட்டு லோகநாயகிக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அவளுக்கென்று நல்லதாக ஒன்றைப் பார்த்து வாங்கியதில்லை. அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்தாள்.

நல்ல பூச்சைத் தேடுவதிலேயே வருடங்கள் போயின. பவுடர் கோட்டிங் பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் ஒரு கல் தெறித்துப் பொட்டு பெயர்ந்தாலும் தண்ணீர் உள்ளே நுழைந்து, வெளியே தெரியாமல் தின்றுவிடும். துத்தநாகத்தைக் காய்ச்சி அதில் முக்கி எடுத்தால் ஆயுசுக்கும் துரு வராது, ஆனால் அந்தச் சூட்டில் சட்டம் கோணிவிடும். ரெண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற எபாக்ஸி கெட்டி, ஆனால் வெயிலில் வெளிறிப் போகும். கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கிற செங்கல் நிற ரெட் ஆக்ஸைடு மலிவு, எங்கேயும் கிடைக்கும், யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். அதனாலேயே அதன் பேச்சை எடுத்தால் அவருக்கு ஆகாது. கொரோனாவில் கடை அடைத்துக் கிடந்தபோது, வீட்டில் கார் செய்கிற உலகத்துப் பைத்தியங்கள் எல்லோரும் போனில் அவருக்குக் கூட்டாளிகளானார்கள். ஒருவர் நல்லது என்றதை இன்னொருவர் கெடுதல் என்றார். எல்லாவற்றையும் லோகநாயகியிடம் வந்து சொல்லுவார். இரும்பு எப்படி மூச்சு விடுகிறது, ஈரம் எந்த இடுக்கில் ஒளியும் என்று சொல்லும்போது அவர் குரல் குழைந்துவிடும். அந்தக் குரலில் அவர் தன்னிடம் பேசியதே இல்லை என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. பிற்பாடுதான் தோன்றியது.

அவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாண ஜாக்கெட்டுக்கு சுரண்டையிலிருந்துகூட அவளைத் தேடி வருவார்கள். துரு விரல்களுக்கு இறங்கிய பிறகு தைத்த துணியில் எல்லாம் கறை விழுந்தது. எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துத் தேய்த்தே அரை நாள் போனது. முகூர்த்தப் பட்டு ஜாக்கெட்டின் கழுத்தில் அவள் விரல் ரேகை சிவப்பாகப் பதிந்திருப்பதைப் பார்த்த ஒரு பெண்ணின் தாய், நடு வீட்டில் நின்று கூப்பாடு போட்டுவிட்டுப் போனாள். அதோடு நல்ல துணிகள் வருவது நின்றது. மழைக்காலத்தில் கத்தரிக்கோல் பிடிக்கிற கட்டைவிரல் மடங்காது. மிஷினுக்கு ஒரு சொட்டு, தனக்கு ஒரு சொட்டு என்று எண்ணெய் விட்டுக்கொள்வாள். மாடிப்படி ஏறினால் முட்டி கிறீச்சிடும். தெருவில் அந்தச் சத்தத்தை வைத்தே லோகநாயகி வருகிறாள் என்று தெரிந்துகொண்டார்கள்.

ஐந்தாவது பங்குனியில் அவளே தென்காசிக்குப் போய் சேக் மைதீன் பெயின்ட் கடையில் ஒரு டப்பா ரெட் ஆக்ஸைடு வாங்கி வந்து, சட்டத்தின் மேல் வைத்தாள். “நல்லது கெடைக்கும்போது கெடைக்கட்டும். இப்ப இத அடிங்க” என்றாள். அவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, யோசிப்போம் என்றார். அதே வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், சிவசைலம் செய்கிற காரைப் படம் பிடிக்க வந்தார். பூச்சில்லாத இரும்பு, இத்தனை சாரல் கண்டும் பொட்டுத் துரு இல்லாமல் கிடப்பதைக் கண்டு வாயைப் பிளந்தார். எதைப் பூசியிருக்கிறீர்கள் என்று மூன்று விதமாகக் கேட்டார். சிவசைலம் மீசையைத் தடவிக்கொண்டு, அதைச் சொல்வதற்கில்லை என்று சிரித்தார். அந்தப் படத்தை ஊரே போனில் பார்த்தது.

மறுநாள் மாரிச்செல்வம், உலர்ந்த காற்று அடிக்கும்போதே வேலையை முடித்துவிடலாம் என்று பிரஷ்ஷோடு வந்தான். லோகநாயகி ஒரு ஜாக்கெட்டின் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் புருஷன் பேசியது நன்றாகவே கேட்டது.

“பூச்சே வேண்டாம்லே. நானும் ஒலகம் பூரா தேடிட்டேன். ஒண்ணொண்ணுலயும் ஒரு கொற இருக்கு. இப்ப இருக்கத விட நல்ல பூச்சு எங்கன கெடைக்கும்?”

மாரிச்செல்வம் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய்விட்டான். லோகநாயகி ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.  அவள் முகத்தைப் பார்த்து அவரே சொன்னார். “ஒனக்கு எண்ணெய் போட்டா சரியாப் போயிருது. இரும்புக்கு ஒருக்க ஏறிட்டா ஏறினதுதான்ட்டி.” விளங்காத பிள்ளைக்கு எடுத்துச் சொல்கிற பொறுமை அந்தப் பேச்சில் இருந்தது. கெட்ட எண்ணம் கொஞ்சம்கூட இல்லை. அவர் நியாயத்தைத்தான் சொன்னார், அந்த நியாயத்தில் அவள் இல்லை, அவ்வளவுதான்.

அவள் அந்த டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். தென்காசியில் சேக் மைதீன் கடையில் இறக்கி வைத்து, இதை அடிக்க இன்னும் என்ன வேண்டியிருக்கும் என்று கேட்டாள்.

“கேட்டுக்காம்மா, கிரில்லுக்கா?”

“எனக்கு, பாய்.”

சேக் மைதீன் கண்ணாடியை இறக்கிவிட்டு அவள் கையைப் பார்த்தார். கடை வைத்த நாளிலிருந்து எத்தனையோ துருவைப் பார்த்தவர். “பொழக்கம் உள்ளயா, வெளியவா?” என்று மட்டும் கேட்டார். ரெண்டும்தான் என்றாள். “அப்ப ரெண்டு கோட்டு. உப்புத்தாளு போட்டு நல்லாத் தேச்சுட்டு அடிக்கணும். மொத கோட்டு காஞ்ச பொறவு அடுத்தது. சாரலுக்கு முன்னால முடிச்சிருங்க” என்று சொல்லி, உப்புத்தாளையும் நல்ல முடி வைத்த பிரஷ் ஒன்றையும் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

இலஞ்சிக்குத் திரும்பாமல் பண்பொழியில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் துபாயில் இருந்தான். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. கிணற்றடியில் உட்கார்ந்து உப்புத்தாளால் முழங்கையைத் தேய்த்தாள். ஐந்து வருடத்துத் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அதற்குக் கீழே தோல் இவ்வளவு மெல்லிசாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள், வலிக்கும் சேர்த்து, மற்றதற்கும் சேர்த்து. பிறகு பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு மூட்டாக அடித்துக்கொண்டாள். கைக்கு எட்டாத முதுகுக்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பெண் உதவினாள். திருமலைக் கோயில் பக்கமிருந்து நல்ல காற்று வந்தது, சீக்கிரம் காய்ந்தது. வாசனை போகத்தான் நாளாயிற்று. புதுச் செங்கல் நிறத்தில் ஒரு பொம்பளை தெருவில் நடப்பதைப் பண்பொழியில் இரண்டு வாரம் வரைக்கும் வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் ஜாக்கெட் தைக்கத் துணி கொண்டுவந்தார்கள். துணியில் கறை விழவில்லை. சிவப்புச் சேலைதான் அவளுக்குக் கொஞ்சம் எடுப்பாக இல்லை.

அந்த ஆனியில் சாரல் அடித்தபோது துருவுக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. இலஞ்சியில் அது தன் சொந்த இடத்துக்கே வந்தது, ஐந்து வருடத்துப் பாக்கியோடு. சிவசைலம் இன்ஜினை ஏற்றி, சீட்டு மாட்டி, சாரல் விழாவுக்குக் குற்றாலம் வரைக்கும் ஓட்டிப் போவதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். சாயங்காலம் சட்டம் சிவந்தது. காலையில் ஒரு கோழி பறந்து வந்து அதன்மேல் உட்கார, பொலபொலவென்று உதிர்ந்து இன்ஜின் தரையில் விழுந்தது. துருவை வாரி உரச் சாக்குகளில் கட்டினார்கள். செம்பருத்திக்குப் போட்டால் நன்றாகப் பூக்கும் என்று அக்கம்பக்கத்தார் கேட்டு வாங்கிப் போனார்கள்.

ஆவணியில் ஒரு நாள் மாரிச்செல்வம் பைக்கில் பண்பொழிக்கு வந்தான். வாசலில் அவனைப் பார்த்ததுமே, என்ன ஏது என்று கேட்காமல் லோகநாயகி உள்ளே போய் இரண்டு சேலையை எடுத்துப் பையில் வைத்தாள். அவளை வரச் சொல்லித்தான் புருஷன் ஆள் விட்டிருக்கிறார் என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றிவிட்டது. மூன்றாவது சேலையை மடிக்கும்போதுதான், எதற்கும் கேட்டுவிடலாம் என்று டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள். மாரிச்செல்வம் டீயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணாச்சி புதுசா ஒரு ஃபிரேம் அடிக்காவ மதினி.”

“சரி.”

“ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாவ.”

“சொல்லு.”

“மதினி அடிச்சது என்ன கம்பெனி, எத்தன கோட்டுன்னு.”

 உள்ளே கட்டிலில் பை வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதை நினைக்கத் தன்மேலேயே லோகநாயகிக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. கம்பெனிப் பெயரைச் சொன்னாள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும், இரண்டு கோட்டு, முதல் கோட்டு நன்றாகக் காய வேண்டும் என்றாள். டீ கிளாஸை வாங்கி வைத்துவிட்டுப் பையிலிருந்த சேலைகளைத் திரும்பவும் பெட்டியில் அடுக்கினாள்.

புது ஃபிரேமுக்குச் சிவசைலம் ரெட் ஆக்ஸைடுதான் அடித்தார். காலையில் ஒரு கோட்டு, மதியத்துக்கு மேல் ஒரு கோட்டு. விளக்கு வைப்பதற்குள் வேலை முடிந்துவிட்டதாகப் பண்பொழிக்குத் தகவல் வந்தது. லோகநாயகி வருடா வருடம் வைகாசி கடைசியில், மலையில் மேகம் இறங்குவதற்கு முன்னால், தனக்கு இரண்டு கோட்டு அடித்துக்கொள்கிறாள். முதுகுக்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பெண் வருகிறாள்.