கண்ணாடிக்குள் கூறைப்புடவை

கண்ணாடிச் சட்டத்தின் அடிவிளிம்பில் சிவப்பாகத் தூள் கிடந்தது. மணிமேகலை உற்றுப் பார்த்தாள். உதிர்ந்திருந்தது பட்டு, அவள் அம்மாவின் கூறைப்புடவை.

அம்மா செவந்தி காய்ச்சலில் இறந்தபோது அப்பா ஆனந்தராஜ் மஸ்கட்டில் வேலையில் இருந்தார். லீவு கிடைத்து மணமேல்குடி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்காத மனிதர், புடவையைச் சட்டமிட்டுக் கிழக்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டினார். வேலைக்குத் திரும்பவில்லை. அன்றிலிருந்து பல வருடமாகக் காலையில் எழுந்ததும் அதன் முன்னால்தான் நிற்பார்.

மணிமேகலை மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பட்டு என்பது புரதச் சங்கிலி என்றும், வெயில் படப்பட அது கண்ணி கண்ணியாக அறும், கடற்காற்றின் ஈரம் இன்னும் அரிக்கும், அறுந்ததை ஒட்டவைக்க வழியில்லை என்றும் அப்பாவிடம் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டிக்குள் வைத்தால் செவந்தியை மறுபடி அனுப்பிவைத்த மாதிரி என்றார். மணிமேகலை ஜன்னலுக்குத் திரை போட்டாள், அவர் விலக்கினார். மறுநாளும் போட்டாள், மறுநாளும் விலக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை அவளே ஸ்டூல் போட்டு ஏறிச் சட்டத்தை இறக்கினாள். அப்பா குறுக்கே வந்து நின்றார்.

“ஒரே ஒரு தடவை பின்பக்கம் பாருங்கப்பா. அப்பறமும் மாட்டச் சொன்னீங்கன்னா நானே மாட்டுறேன்.”

பின்பலகையைக் கழற்றிப் புடவையை மெல்ல வெளியே எடுத்தாள். உள்ளே மடித்துவிட்டிருந்த பகுதி அரக்குச் சிவப்பில் புதுசாகவே இருந்தது. வெயில் பார்த்த முன்பக்கம் செங்கல் நிறத்துக்கு வெளுத்திருந்தது. ஆனந்தராஜ் அதை விரல் நுனியால் தொட்டார். தொட்ட இடம் சருகுபோல் பிளந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“நாந்தான் இப்புடிப் பண்ணிட்டேனா?”

“வெயில் பண்ணுச்சுப்பா. மிச்சத்தக் காப்பாத்தலாம்.”

பழைய பருத்தித் துணியோடு சுருட்டி வைக்கலாம் என்றாள். அவர் தானே போய்ப் பழைய பருத்தி வேட்டி ஒன்றை எடுத்து வந்தார். கஞ்சி போக அலசிக் காயவைத்தார்கள். அகலமான குழாயில் அதைச் சுற்றி, அதன்மேல் புடவையை மடிப்பு விழாமல் சுருட்டினார்கள். பிளந்த இடத்தைத் தைக்க மணிமேகலை விடவில்லை. ஊசி பட்டால் இன்னும் கிழியும். ஈரமில்லாத உள்ளறை அலமாரியில் வைத்தார்கள்.

மறுநாள் காலை ஆனந்தராஜ் வெறும் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பிறகு அடுப்படிக்கு வந்தார்.

“அவ கடைசி நாளு எப்புடி இருந்துச்சுன்னு நான் ஒங்கிட்ட கேட்டதே இல்ல. சொல்லும்மா.”

மணிமேகலை அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.